தொலைந்த நகையைத் தேடிக் கொடுக்க மெட்டல் டிடெக்டர்: மட்டக்களப்பு, அம்பாறையில் தொடங்குகிறவர்களுக்கு

பாசிக்குடாவில் குளித்துக் கரையேறும்போதுதான் விரலில் மோதிரம் இல்லையென்று தெரியவரும். வட்டையில், அதாவது வயலில், பசளை எறிந்துவிட்டு வாய்க்காலில் கை கழுவும்போது தெரியவரும். திருக்கோவிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் ஆடிவிட்டுச் சேலை மாற்றும்போது கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் சங்கிலி இருக்காது. பொழுது படும்வரை விரலால் மண்ணைக் கிளறிவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போவார்கள். ஒரு கருவியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இப்படிப் போனவற்றில் பலதை எடுத்துக் கொடுக்கலாம்.

கருவியைப் பழகுவது பெரிய வேலையே இல்லை. யாரிடம் கேட்க வேண்டும், எந்தக் கடிதம் கையில் இருக்க வேண்டும், எங்கே கால் வைக்கக்கூடாது என்பவைதான் கஷ்டம். இவற்றை ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லாமல் நான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். கடற்கரையில் நிறுத்தி வைத்து விசாரிக்கவும் பட்டேன். நீங்கள் அப்படி அலையக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் நாட்டில் இந்தக் கருவியைக் கண்டவுடன் எல்லோருக்கும் முதலில் வரும் எண்ணம் புதையல்தான். "ஸ்கேனர் இயந்திரத்துடன் புதையல் தோண்டியவர்கள் கைது" என்ற செய்தியை நீங்களும் வாசித்திருப்பீர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடித் தோண்டுவதற்குத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சொந்தக் காணியில் தோண்டினாலும் இது பொருந்தும். 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்களைச் சட்டம் தொல்பொருளாகப் பார்க்கிறது. 1998இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கூட்டியது. மற்றக் குற்றங்களில் போல இதில் உடனே பிணையில் வர முடியாது.

ஆகவே நான்கு விடயங்களில் கண்டிப்பாக இருங்கள். ஒருவர் தன் பொருள் தொலைந்ததென்று எழுத்தில் கேட்டால் மட்டும் போங்கள். பகலில் மட்டும் தேடுங்கள். அவரையோ அவர் வீட்டார் ஒருவரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடச் சிதைவு, தூண், செங்கல் மேடு தெரிகிற இடத்துக்குக் கருவியைக் கொண்டுபோகாதீர்கள். பொட்டுவில் முகுது மகா விகாரை, தீகவாபி, லாகுகல மகுல் மகா விகாரைச் சூழலில் காரில் கருவியை வைத்துக்கொண்டு நிற்பதே வீண் வில்லங்கம். குமண தேசியப் பூங்கா எல்லைக்குள்ளும் வேண்டாம்.

தேடும்போது பழைய நாணயமோ சிலைத் துண்டோ அகப்பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கழுவாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். படம் எடுத்துவிட்டுப் பொலிஸுக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள்.

2. கருவி வாங்குதல்

கடற்கரையை ஒட்டியே நம் வேலை அதிகம் என்பதால் இரண்டு தகுதி முக்கியம்: நனைந்தாலும் பழுதாகாமல் இருக்க வேண்டும், உப்பு ஈர மணலில் தடுமாறாமல் இருக்க வேண்டும். உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் மலிவான கருவிகள் ஈர மணலில் எதுவும் இல்லாமலே கத்திக்கொண்டிருக்கும். காரெட் ஏஸ் 300 போன்றவை காய்ந்த மணலுக்கும் வளவுக்கும் வட்டைக்கும் போதும். அலை அடிக்கும் விளிம்பில் தேட வேண்டுமென்றால் பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் இயங்கும் மைன்லாப் எக்குயினொக்ஸ், நொக்டா லெஜண்ட் வகைகளைப் பாருங்கள்.

தொடக்க நிலைக் கருவி வெளிநாட்டில் 250 முதல் 400 அமெரிக்க டொலர்வரை போகும். பல அதிர்வெண் கருவிகள் அதைவிட நன்றாகக் கூட. டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 300 டொலர் கருவி 90,000 ரூபாய். அதோடு அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேரும். தரவழைக்கும் முன்பே இலங்கைச் சுங்கத்திடமும் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடமும், மாடலின் பெயரைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். வாய்ப் பேச்சை நம்பிக் காசு கட்ட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரின் பெட்டியில் போட்டுவிடச் சொல்வதும் வேண்டாம். விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

விலைச்சீட்டையும் சுங்கப் பற்றுச்சீட்டையும் கொப்பி எடுத்துக் கருவிப் பையிலேயே வையுங்கள். இரண்டாம் கையாக வாங்கினால் விற்றவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கருவியின் தொடர் இலக்கம் ஆகியவற்றோடு கையெழுத்தும் வாங்குங்கள்.

கைக்குள் அடங்கும் பின்பொயின்டர் ஒன்றும் அவசியம். காரெட் ப்ரோ பொயின்டர் போன்றவை 150 டொலர் அளவில் வரும். பெரிய கருவி இடத்தைக் காட்டும், அந்தக் குழிக்குள் மோதிரம் எந்த மூலையில் கிடக்கிறது என்பதைப் பின்பொயின்டர்தான் காட்டும். மணல் அள்ளும் துளைக் கரண்டியை வெல்டிங் கடையில் துருப்பிடிக்காத இரும்பில் சொல்லிச் செய்விக்கலாம். மோதிரத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் துளை சரி. ஆனால் சங்கிலியும் தோட்டுத் திருகாணியும் அதால் நழுவிவிடும். அவற்றுக்கு மேசன்மார் மணல் அரிக்கிற அரிதட்டு ஒன்று வேண்டும், சின்னக் கண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

3. வீட்டு வளவில் பழகுங்கள்

உங்கள் வீட்டாரிடம் ஒரு 22 கரட் மோதிரம், மெல்லிய சங்கிலி, பென்டன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றையும் நூலில் கட்டி, இரண்டு, நான்கு, ஆறு அங்குல ஆழத்தில் புதைத்துக் கருவியை மேலே ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு சோடா மூடி, பனடோல் அட்டையின் வெள்ளித் தாள், வீச்சு வலையின் ஈயக் குண்டு மூன்றையும் புதையுங்கள்.

அப்போது இரண்டு விடயம் விளங்கும். ஈயக் குண்டு பெரும்பாலும் தங்கம் போலவே சத்தம் போடும். நம் கரை முழுக்க வலை இழுக்கிற கரை, ஈயக் குண்டு கிடக்காத இடமில்லை. சத்தத்தை வைத்து "இது குண்டுதான்" என்று தீர்மானித்து விட்டுவிட்டால் மோதிரத்தையும் விட்டுவிடுவீர்கள். சந்தேகமான ஒவ்வொரு சத்தத்தையும் தோண்டத்தான் வேண்டும். மற்றது, மெல்லிய சங்கிலியைக் கருவி ஒரு பொருளாகப் பார்ப்பதில்லை. தனித்தனி வளையமாகப் பார்க்கிறது, ஒவ்வொரு வளையமும் அதற்குக் காணாத அளவு சின்னது. சங்கிலியில் சத்தம் தருவது கொக்கியும் பென்டனும்தான். எனவே சங்கிலி தேடும்போது "குப்பையை ஒதுக்கு" என்ற டிஸ்க்ரிமினேஷனை முழுதாக நிறுத்திவிட்டு, சின்னச் சத்தத்துக்கும் குனியுங்கள்.

4. கடிதங்கள்: இவை இல்லாமல் வீட்டைவிட்டு இறங்காதீர்கள்

தொலைத்தவரின் கோரிக்கைக் கடிதம்தான் மிக முக்கியம். கையால் எழுதினால் போதும். நான் பாவிக்கும் வாசகம் இது:

"நான், (பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம்), (திகதி) அன்று (இடம்) இல் எனது (பொருள், நிறை, அடையாளம்) ஐத் தொலைத்துவிட்டேன். அதைத் தேடித் தருமாறு (உங்கள் பெயர், இலக்கம்) ஐக் கேட்டுக்கொள்கிறேன். தேடலின்போது கிடைக்கும் அப்பொருள் எனக்கே உரியது. வேறு ஏதும் கிடைத்தால் உரியவரிடம் அல்லது பொலிஸில் ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்."

கீழே இருவரின் கையெழுத்தும் ஒரு சாட்சியும் வேண்டும்.

இரண்டாவது, பொலிஸ் முறைப்பாடு. தாலிக்கொடி போன்ற பெறுமதியான நகையென்றால் தொலைத்தவரே நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை எடுக்கட்டும். இது தேடலுக்கு மட்டுமில்லை, நகை வேறு யாராவது கையில் அகப்பட்டு அடகுக் கடைக்குப் போனால் அப்போதும் இந்தத் தாள்தான் பேசும். காலையில் போனால் பெரும்பாலும் அரைநாளுக்குள் முடியும்.

மூன்றாவது, இடத்துக்கு உரியவரின் சம்மதம். வட்டையென்றால் காணிக்காரரும் செய்கைக்காரரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம், இருவரிடமும் கேளுங்கள். கோயில் தீர்த்தக் குளம், கோயில் வீதி என்றால் கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடமும், பள்ளிவாசல் வளவென்றால் நம்பிக்கையாளர் சபையிடமும் எழுத்தில் வாங்க வேண்டும். மாமாங்கக் குளம் போன்ற இடத்தில் காசு போடுவது நேர்த்தி. கருவியோடு அங்கே இறங்கினால் அந்தக் காசை எடுக்க வந்ததாகத்தான் ஊர் நினைக்கும். வண்ணக்கர் ஒருவர் கூட நின்றால் மட்டும் இறங்குங்கள்.

ஹோட்டலுக்கு முன்னால் உள்ள கரை பொதுவானதுதான், இருந்தாலும் முகாமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கரைவலை இழுக்கும் பாடு உள்ள இடத்தில் வலை முதலாளியான சம்மாட்டியாரிடம் கேட்காமல் நிற்கக்கூடாது. தோணி வரும் நேரம், வலை இழுக்கும் நேரம் அவருக்குத்தான் தெரியும். கூடவே, அவர் சொன்னால் வலை இழுக்கிற பொடியன்மாரும் கண் வைத்திருப்பார்கள்.

கடைசியாக, கிராம சேவகருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் எத்தனை மணிக்கு எங்கே தேடப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாராவது 119க்கு அழைத்துப் "புதையல் தோண்டுகிறார்கள்" என்று சொன்னாலும் உங்கள் பெயர் அங்கே ஏற்கெனவே இருக்கும்.

5. தொலைத்தவரோடு அரை மணி நேரம் பேசுங்கள்

கருவியைவிட இந்தப் பேச்சுத்தான் நகையைக் கண்டுபிடிக்கிறது. அவசரப்படாதீர்கள். அழுகிறவரை முதலில் இருத்தி ஒரு பிளேன்டீ குடிக்க விடுங்கள்.

"எங்கே தொலைந்தது?" என்று கேட்டால் எல்லோரும் கடலைத்தான் காட்டுவார்கள். அப்படிக் கேட்காமல், கடைசியாக நகையைக் கண்ணால் கண்டது எப்போது, அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கல்லடிக் கரையில் ஒரு அம்மா, "இந்த இடத்திலதான் மனே, அலை அடிச்சுப் போட்டுது" என்று தண்ணீரையே காட்டிக்கொண்டு நின்றார். குளித்துவிட்டு எங்கே துவட்டினீர்கள் என்று கேட்டபோது, மேலே தாழை நின்ற பக்கம் கை நீண்டது. துவாயை உதறிய இடத்தில், நாலு விரல் ஆழத்தில், கொக்கி விட்டுப்போன சங்கிலி சுருண்டு கிடந்தது. பென்டன் தந்த ஒரு சின்னச் சத்தம்தான் அதைக் காட்டியது.

உதறிய துவாய், மாற்றிய உடுப்பு, சவர்க்காரம் போட்ட இடம், பந்து எறிந்து விளையாடிய இடம், வாகனக் கதவடி, மண் கழுவிய பைப்படி. இவற்றை முதலில் தேடுங்கள். தண்ணீரில் விரல் குளிர்ந்து சுருங்கும், மோதிரம் தளரும். ஆனால் பல நேரம் அது தண்ணீருக்குள் விழாமல், கையை உதறும்போதுதான் பறக்கிறது. பசளை எறிகிறவர்களுக்கும் இதே கதிதான். வலக்கைக்காரர் எறிந்தால் எந்தப் பக்கம் போகும் என்று அவரையே எறிந்து காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், போனில் படம் பாருங்கள். அன்று எடுத்த செல்ஃபியில் கழுத்தில் சங்கிலி இருக்கிறதா, படம் எத்தனை மணிக்கு எடுத்தது, பின்னால் எந்தத் தோணி நிற்கிறது என்பதெல்லாம் இடத்தைக் குறுக்கித் தரும்.

இன்னொன்று. நகையின் ஒரு அடையாளத்தை அவர் உங்களிடம் மட்டும் சொல்லட்டும். உள்ளே வெட்டிய எழுத்தாகவோ ஒட்டுப் போட்ட இடமாகவோ இருக்கலாம். பேஸ்புக்கில் நகையின் முழு விவரத்தையும் போடவேண்டாமென்று சொல்லுங்கள். போட்டால் அடுத்த நாளே "அது என்னுடையது" என்று இன்னொருவர் வருவார்.

6. தேடுதல்

கடற்கரை: விடிந்ததும் தொடங்குங்கள். வெயில் ஏறினால் ஆட்களும் ஏறுவார்கள். நம் கரையில் வற்றுப் பெருக்கு ஓரிரு அடிதான், அதைவிட அலையும் காற்றும்தான் மணலை மாற்றுகின்றன. அதனால் தொலைந்த அன்றோ மறுநாளோ போவது பெரிய காரியம். கயிறும் கம்புமாக ஒரு மீற்றர் அகலத்துக்குப் பாதை பிடித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தியதில் பாதியை மூடும்படி ஓட்டுங்கள். முழுதும் முடிந்ததும் குறுக்கே ஒரு முறை. கருவியின் அடியிலுள்ள வட்டச் சுருளை நிலத்துக்குச் சமமாக, இரண்டு விரல் உயரத்தில் வைத்திருங்கள். வீச்சின் இரு முனையிலும் கை மேலே எழும்புவதுதான் புதியவர்கள் எல்லோரும் விடுகிற பிழை.

ஈர மணலில் கத்தினால் பீச் மோடுக்கு (கடற்கரைக்கான அமைப்பு) மாற்றிச் சென்சிற்றிவிற்றியை, அதாவது உணர்திறனை, குறையுங்கள். திருக்கோவில், கோமாரிப் பக்கமும் வடக்கே கதிரவெளிப் பக்கமும் இல்மனைட் கலந்த கருமணல் படையாகக் கிடக்கும், அங்கே பத்தடிக்கு ஒருமுறை கிரவுண்ட் பாலன்ஸ் (மண்ணுக்கேற்பக் கருவியைச் சரிசெய்தல்) செய்ய வேண்டிவரும். அலை அடிக்கும் இடத்தில் தங்கம் பாரத்தால் கீழே இறங்கி, சிப்பியும் கல்லுமான இறுக்கப் படையில்தான் நிற்கும். அந்தப் படைவரை அள்ளிப் பாருங்கள். பாசிக்குடா ஆழம் குறைவு, நெடுந்தூரம் நடக்கலாம். அறுகம் குடாவில் அலைக்குள் இறங்க வேண்டாம்.

வட்டை: வெள்ளாமை வெட்டிய பிறகு, உழவுக்கு முன்பு. உழவு இயந்திரம் இறங்கிவிட்டால் மோதிரம் வரம்பு தாண்டிப் போகும், நெளிந்தும் போகும். பயிர் நிற்கும்போது உள்ளே இறங்கி மிதிக்காதீர்கள். சேற்றில் விழுந்த நகை, கால் புதையும் ஆழத்தில் உள்ள இறுகிய படையில் தங்கும், அடுத்த நாள் காணாமல் போய்விடாது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் யானை மின்வேலி ஓடினால் கருவி சீராக 'டிக், டிக்' என்று துடிக்கும். பகலில் வேலியை நிறுத்தி வைக்கக் காணிக்காரரைக் கேளுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் அங்கே நிற்காதீர்கள்.

கிணறு: கொங்கிறீட் வளையத்துக்குள் கம்பி இருக்கும், கருவி பிரயோசனமில்லை. நீர் வற்றும் ஆடி, ஆவணியில் பம்ப் பிடித்து இறைத்து, அடி மண்ணை வாளியில் எடுத்து அரிதட்டில் அரிப்பதுதான் வழி. பம்பை மேலேதான் வைக்க வேண்டும். இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கினால் அதன் புகையில் ஆள் மயங்கிச் செத்துவிடும்.

வாவி: முதலை உண்டு. அந்தத் துறையை அறிந்த மீனவர் கூட வராமல் முழங்காலளவு நீரிலும் இறங்காதீர்கள்.

7. வெடிபொருள்

மட்டக்களப்பு 2017இல் கண்ணிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. என்றாலும் பழைய ரவைக் கோதுகளும் எப்போதாவது குண்டும் மண்ணிலிருந்து வெளிவரத்தான் செய்கின்றன. பெரிய இரும்புச் சத்தம் வந்தால் மண்வெட்டியால் கொத்தவேண்டாம், நீங்கள் தேடுவது இரும்பு இல்லை. மண்ணை விலக்கும்போது துருப்பிடித்த உருளையோ, இறக்கை வைத்த வாலோ தெரிந்தால் தொடாதீர்கள், அசைக்காதீர்கள். வந்த வழியிலேயே திரும்பி நடந்து, ஆட்களை விலக்கி, 119க்குச் சொல்லுங்கள். ஒரு கம்பில் துணி கட்டித் தூரத்தில் நட்டு அடையாளம் வையுங்கள். அன்றைய தேடல் அதோடு முடிந்தது.

8. காசு

போகும் முன்பே பேசுங்கள். நான் கேட்பது போக்குவரத்துச் செலவு மட்டும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். கிணறு இறைப்பதென்றால் பம்ப் வாடகையும் எரிபொருளும் கூலியாளும் அவர்கள் பொறுப்பு. பெறுமதியில் இத்தனை வீதம் என்று பேசுவதை நான் விரும்புவதில்லை. தாலிக்கொடி தொலைத்த பெண் அழுதுகொண்டு "பாதியைத் தாறன் தம்பி" என்பார். அந்த நேரத்து வாக்கைப் பிடித்துக்கொள்ளக்கூடாது. கிடைத்த பிறகு விரும்பித் தருவதை வாங்குவது உங்கள் விருப்பம், அதையும் கடிதத்தின் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

9. ஒப்படைத்தல்

மண்ணோடு இருக்கும்போதே படம் எடுங்கள். சாட்சி முன்னால், சொன்ன அடையாளத்தைச் சரிபார்த்துக் கையில் கொடுங்கள். கோரிக்கைக் கடிதத்தின் பின்பக்கத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் நேரமும் வாங்குங்கள். பொலிஸ் முறைப்பாடு இருந்தால் கிடைத்துவிட்டதென்று அவரே போய்ச் சொல்ல வேண்டும். அவர் அனுமதியில்லாமல் முகத்தையோ வீட்டையோ பேஸ்புக்கில் போடாதீர்கள். வீட்டில் இன்னும் சொல்லாமல் மறைத்திருக்கலாம்.

தேடும்போது வேறொருவரின் மோதிரம் அகப்படுவதும் உண்டு. உரியவரைத் தேடாமல் வைத்துக்கொள்வது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். அன்றே பொலிஸில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தோண்டிய குழிகளை மூடுங்கள், எடுத்த தகரம், மூடி, கம்பியைக் கரையிலேயே போட்டுவிட்டு வராதீர்கள்.

10. கிடைக்காவிட்டால்

தேடிய பரப்பைத் தாளில் வரைந்து, முடித்த பாதைகளை நிழலிட்டு, திகதி போட்டு அதன் பிரதி ஒன்றைத் தொலைத்தவரிடம் கொடுங்கள். "இல்லை" என்று சொல்லாதீர்கள், "இந்தப் பரப்பில் இந்த ஆழம்வரை இல்லை" என்று சொல்லுங்கள். கடற்கரையென்றால் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் மேலே ஏறிப் படிந்த மணலை, கார்த்திகை, மார்கழி வாடை அலை அரித்துக்கொண்டு போகும். முன்பு கருவிக்கு எட்டாத ஆழத்தில் கிடந்தது அப்போது எட்டும் ஆழத்துக்கு வரும். கடல் அடங்குகிற நாட்களைச் சம்மாட்டியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் படத்தையும் பழைய கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடிதத்தில் புதிய திகதி போட்டுத் தொலைத்தவரிடம் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும், பொலிஸுக்கும் மறுபடி சொல்ல வேண்டும். தொடங்க வேண்டியது படத்தில் நிழலிடாமல் விட்ட பக்கத்திலிருந்து.